செம்பெயர்ச்சி 2 குவேசார்: ரேடியோ உமிழ்வு விண்மீன்களிலிருந்தா, தாரையிலிருந்தா?

உங்கள் குவேசாருக்கு (நடுவிலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் ஒளிரும் மண்டலம்) செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு) 2, 1.4 கிகாஹெர்ட்ஸில் பாய்வு (நம்மை வந்தடையும் ரேடியோ அலையின் அளவு) 1 மில்லிஜான்ஸ்கி, ஒளிர்வு 4.5×10²⁴ வாட்/ஹெர்ட்ஸ்; இதற்கு விண்மீன் பிறப்பே போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கணக்கைத் திருத்துங்கள். ஆல்ஃபாவின் (அதிர்வெண்ணோடு பாய்வு எப்படி மாறுகிறது என்று சொல்லும் சரிவு எண்) குறி புரண்டிருக்கிறது. பாய்வு அதிர்வெண்ணின் ஆல்ஃபா அடுக்காக மாறுகிறது என்று எடுத்தால் ஆல்ஃபா −0.7. அப்போது 3-இன் (1 + செம்பெயர்ச்சி) 0.3 அடுக்கால் (1 + ஆல்ஃபா) வகுக்க வேண்டும், நீங்கள் 1.7 அடுக்கால் வகுத்திருக்கிறீர்கள். சரியான விடை சுமார் 2×10²⁵. இரண்டு குறி மரபுகளும் புழக்கத்தில் இருப்பதால் பலரும் வழுக்கும் இடம் இது.

இவ்வளவு ஒளிர்வை விண்மீன்களே தர ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 சூரிய நிறை பிறக்க வேண்டும். நடக்காத காரியம். கருந்துளையின் வேலைதான். பாய்வு 0.1 மில்லிஜான்ஸ்கி என்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கருந்துளையிலிருந்து பீய்ச்சும் குறுகிய தாரையா, அதன் அருகிலிருந்து வீசும் வாயுக் காற்று சுற்றியுள்ள வாயுவில் மோதும் அதிர்ச்சியா என்பதை ஒளிர்வு மட்டும் சொல்லாது. 5 வில்நொடிப் படத்தில் புள்ளியாகத் தெரிவதும் சான்றல்ல. அந்தத் தொலைவில் 5 வில்நொடி சுமார் 42 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு), முழு விண்மீன் மண்டலமே அதற்குள் அடங்கிவிடும். கண்டம் தாண்டிய குறுக்கீட்டுமானியில் (தொலைதூர ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து நுண்ணிய படம் எடுக்கும் அமைப்பு) பாருங்கள். பொலிவு வெப்பநிலை (உமிழ்வு எவ்வளவு சிறிய பரப்பில் செறிந்திருக்கிறது என்பதன் அளவு) 10⁸ கெல்வினைத் தாண்டினால் தாரையின் அடிப்பகுதி என்று கொள்ளலாம். அதில் பாய்வு குறைந்து வந்தால் பதறாதீர்கள்: பரந்த உமிழ்வை அந்தக் கருவி தவறவிடும். சரிவு எண்ணுக்கு இரு அதிர்வெண்களையும் ஒரே வாரத்தில், ஒத்த பிரிதிறனில் எடுங்கள். வருடங்கள் இடைவெளி விட்டால் மாறுபாடு சரிவாக வேடம் போடும்.