‘கண்டுபிடி’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினை?

கேள்வி: கூட்டம் தொடங்கும் நேரத்தைக் கேட்டறிந்தேன் என்பதை அலுவலக மடலில் ‘டிஸ்கவர்’ என்று எழுதினேன். மேலாளர் அதை அடித்து ‘ஃபைண்ட் அவுட்’ என்று திருத்தினார். இவற்றோடு ‘டிடெக்ட்’, ‘அசர்டெய்ன்’ ஆகியவற்றையும் எங்கே பயன்படுத்துவது?

பதில்: மேலாளரின் திருத்தம் சரியானது. தொலைந்த சாவி, புதிய கோள், தொலைபேசி ஆகிய மூன்றையும் தமிழில் ‘கண்டுபிடித்தார்’ என்றே சொல்லிப் பழகியிருப்பதால்தான் இந்தத் தடுமாற்றம் வருகிறது. ஆங்கிலத்தில் சாவிக்கு ‘ஃபைண்ட்’, கோளுக்கு ‘டிஸ்கவர்’. 1876இல் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியோ முன்பு உலகில் இல்லாதது என்பதால் அதற்கு ‘இன்வென்ட்’.

‘டிஸ்கவர்’ என்பதற்குள் ‘கவர்’ இருக்கிறது. மூடியிருப்பதை விலக்குதல் என்பதே வேர்ப்பொருள். நெப்டியூன் கோளைப் பாருங்கள். 1612 டிசம்பரிலேயே கலிலியோ தொலைநோக்கியில் அதைப் பார்த்துக் குறித்தும் வைத்தார். ஆயினும் விண்மீன் என்றே கருதியதால், கண்ணில் பட்டும் அந்த வினை அவருக்கு உரியதாகவில்லை. பின்னர், யுரேனஸின் பாதையில் தெரிந்த பிறழ்வைக் கொண்டு, இன்னொரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். அந்தச் செயலுக்கு ‘டிட்டர்மின்’ பொருந்தும். 1846 செப்டம்பர் 23 இரவு, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள், விண்மீன் வரைபடத்தில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைப் பெர்லினில் வானியலாளர் காலே கண்டார். ‘டிஸ்கவர்’ அங்கேதான் வருகிறது. எதிர்பாராமல் தெரியவரும் சிறு செய்திக்கும் அது பொருந்தும்: வீட்டுக்கு வந்த பிறகுதான் பணப்பை இல்லை என்று தெரிந்தால் ‘டிஸ்கவர்’ எனலாம். கூட்ட நேரம் அப்படிப்பட்டதன்று. பிறருக்குத் தெரிந்த அதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். கேட்டோ தேடியோ பெறும் தகவலுக்கு ‘ஃபைண்ட் அவுட்’ போதும்.

எளிதில் புலப்படாததைக் கருவியாலோ கூர்ந்த கவனத்தாலோ உணர்வது ‘டிடெக்ட்’: எரிவாயுக் கசிவு, குரலில் லேசான நடுக்கம்.

‘அசர்டெய்ன்’ என்பதற்குள் ஐயமின்மையைக் குறிக்கும் ‘சர்டெய்ன்’ இருப்பதால், சரிபார்த்து உறுதிசெய்யும் இடத்துக்கே அது உரியது. விசாரணை அறிக்கைகளில் அடிக்கடி காணலாம். இரண்டு அறிவிப்புகளில் இரு வேறு நேரங்கள் இருந்து, உரியவரிடம் பேசி எது சரி என்று நீங்கள் உறுதிசெய்திருந்தால், உங்கள் மடலிலும் அதை எழுதியிருக்கலாம். அப்போதும், சக ஊழியருக்கு எழுதும் மடலில் அது சற்று விறைப்பாகவே ஒலிக்கும் என்பது என் கருத்து.