அம்மாவுக்கு என்பு மச்சைப் பரிசோதனை: நோவும் பதகளிப்பும் குறைய என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. சில மாதங்களாகக் களைப்பு. ரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைவு என்று சொல்லி, என்பு மச்சை (எலும்புக்குள் இருக்கும், ரத்த அணுக்கள் உருவாகும் மென்மையான பகுதி) எடுத்துப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். "முள்ளந்தண்டில குத்துவினம், பிறகு நடக்கேலாது" என்று அயலில் யாரோ சொன்னதிலிருந்து அம்மா வரமாட்டேன் என்கிறார். 2009 யுத்தத்துக்குப் பிறகு அவரால் குப்புறப் படுக்கவும் முடியாது, மூச்சடைக்கிறது என்பார். இடுப்பின் இடப்பக்கத்தில் ஒரு செல் (எறிகணை) துண்டும் இருக்கிறது. மயக்கித்தான் எடுப்பார்களா? கடுமையாக நோகுமா?

பதில்: முதலில் முள்ளந்தண்டுக் கதையை முடித்துவிடுவோம். ஊசி அங்கே போவதே இல்லை. இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே, நடுவிலிருந்து மூன்று நாலு விரல் தள்ளி ஒரு எலும்பு மேடாகத் தட்டுப்படும். அந்த இடம்தான். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் அங்கே கிடையாது. வாயால் சொல்வதைவிட, உங்கள் கையாலேயே அம்மாவுக்கு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள். பிரித்தானியாவில் 1995 முதல் 2001 வரை செய்யப்பட்ட ஏறக்குறைய 55,000 பரிசோதனைகளைக் கணக்கெடுத்தபோது, பாரதூரமான சிக்கல் என்று வந்தவை 26. பயோப்சி (உடம்பிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது) என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ரத்த அணுக்கள் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு, அதில் எது என்று அறியத்தான் இந்தப் பரிசோதனை.

நோவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நோகாது என்று சொல்லி அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். அங்கே நொந்ததும், அதற்குப் பிறகு யார் சொல்வதையும் அவர் நம்பமாட்டார்.

முதலில் விறைப்பு ஊசி. அது தோலில் எரியும், எலும்பின் மேலுறையில் படும்போது இன்னும் கொஞ்சம் எரியும். பிறகு சில நிமிடங்கள் பொறுத்து, விறைத்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். கூர்மையாக எதுவும் தெரிந்தால் அந்த நேரத்திலேயே சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச மருந்து போடலாம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். அவசரப்படாமல் விடுகிற அந்தச் சில நிமிடங்கள்தான் மிச்சம் எல்லாவற்றையும் இலகுவாக்கும்.

பிறகு ஊசியை எலும்புக்குள் விட்டு, சிரிஞ்சால் மச்சையைக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். கஷ்டமான கட்டம் இதுதான். விறைப்பு மருந்து தோலையும் எலும்பின் மேலுறையையும் விறைக்கவைக்கும், எலும்புக்கு உள்ளே எட்டாது. ஆகவே உறிஞ்சும்போது உள்ளுக்குள் ஒரு கடும் இழுவை தெரியும், சிலருக்குக் கால்வரை ஓடும். சிரிஞ்சை இழுப்பது நின்றதும் அதுவும் நிற்கும். சில வினாடிகள்தான். இழுக்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் அம்மா மூச்சை அடக்காமல், வாயால் மெதுவாக, நீளமாக ஊதி விட வேண்டும். வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் பழகினால் அங்கே தானாக வரும்.

அடுத்தது ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் அளவில் எலும்பின் ஒரு சின்னத் துண்டு. இதில் அமத்துவதும் திருகுவதும் தெரியும். விறைக்க வைத்துப் பல்லுப் பிடுங்கும்போது இழுபடுவது தெரியுமே, அப்படி. படுக்க வைப்பதிலிருந்து கட்டுப் போடுவதுவரை எல்லாமாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இனி, குப்புறப் படுப்பது. உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். யுத்த நேரத்தில் பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) முகம் மண்ணில் படக் கிடந்தவர்களுக்கு, பின்னால் யாரோ நிற்க, முகம் கீழே பார்க்கப் படுப்பது சாதாரண விஷயம் இல்லை. அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. அவரின் உடம்பு அந்த நாட்களை மறக்கவில்லை. நல்ல விஷயம், இந்தப் பரிசோதனைக்குக் குப்புறப் படுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பக்கவாட்டில் சரிந்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்தாலும் எடுக்கலாம். இதைக் கட்டிலில் ஏறிய பிறகு சொல்லாமல், டொக்டர் விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லுங்கள். "யுத்த நேரத்தில் பங்கருக்குள் இருந்தவர், குப்புறப் படுத்தால் மூச்சடைக்கும், சரித்துப் படுக்க வைத்து எடுக்க முடியுமா?" என்று கேட்டால் போதும். வேறு கதை ஒன்றும் அம்மா சொல்லத் தேவையில்லை.

கூடவே இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். உங்களைத் தலைமாட்டில் நிற்க விடுவார்களா, பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்பாரா, ஒவ்வொன்றையும் செய்ய முன் சொல்வார்களா. சிலருக்கு ஒன்றுமே கேட்காமல் இருப்பதுதான் ஆறுதல். அம்மா எந்த வகை என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். சத்தத்துக்குத் திடுக்கிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள், தட்டில் கருவிகளைப் பார்த்து வைப்பார்கள். பழைய நினைவு ஏறி வந்தால் கண்ணை மூட விடாதீர்கள். கண்ணைத் திறந்து உங்கள் முகத்தைப் பார்க்கட்டும், கையைப் பிடிக்கட்டும், பேரப்பிள்ளையின் கதையோ வீட்டுக் கோழியின் கதையோ கதைத்துக்கொண்டிருங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது இடுப்பு அசையக்கூடாது. ஆகவே கையைக் காலை உதறாமல் "நோகுது, நிப்பாட்டுங்கோ" என்று வாய்விட்டுச் சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நிறுத்துவார்கள் என்பது தெரிந்தாலே பாதிப் பதகளிப்பு அடங்கும்.

செல் துண்டு இருக்கும் பக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கிளினிக் கொப்பியோடு கொண்டு போங்கள். வலப்பக்கத்தில் எடுக்க இடமிருக்கிறது, ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு மயக்கம் பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்குத்தான். பெரியவர்களுக்கு விறைப்பு ஊசியே வழக்கம். பதகளிப்பு மிஞ்சினால் முன்கூட்டியே ஒரு அமைதிக் குளிசையோ, நரம்பில் போடும் மருந்தோ தரலாம். அது பயத்தைக் குறைக்கும், நோவை அவ்வளவாகக் குறைக்காது. அது தருவதாக இருந்தால், எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது என்று கேட்டு வையுங்கள். விறைப்பு ஊசி மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை, வெறும் வயிற்றோடு போனால் தலைச்சுற்றுத்தான் மிச்சம். அம்மா மனநல கிளினிக்கில் மருந்து எடுப்பவர் என்றால் அந்த மருந்துகளையும் காட்டுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன் பனடோல் (பரசிட்டமோல்) இரண்டு போடலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பலருக்கு அது உதவும். அஸ்பிரின், டைக்ளோபெனக், ஐபுபுரோபன் மட்டும் தாங்களாக வாங்கிப் போடவே வேண்டாம். அம்மாவுக்கு ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுக்களும் குறைவு, இவை ரத்தம் கசிவதைக் கூட்டும். தட்டுக்கள் குறைவு என்பதற்காகப் பரிசோதனையை விட வேண்டியதில்லை, முடிந்ததும் கூடுதல் நேரம் அமத்திப் பிடிப்பார்கள். இதய வருத்தத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுக்கிறார் என்றால் அதைச் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது.

பயணம். விடியப் புறப்பட்டுப் பரந்தன் வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் நின்று இடிபட்டு, நித்திரையும் இல்லாமல் போய்ச் சேரும் உடம்புக்கு நோவு கூடத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். திரும்பும்போது, கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். ஓட்டோ பிடியுங்கள்.

முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்க வைப்பார்கள், உடம்பின் பாரமே காயத்தை அமத்தும். கட்டை ஒரு நாள் நனைக்கக்கூடாது, கிணற்றடிக் குளிப்பு, குளத்துக் குளிப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம். மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசவேண்டாம். இரண்டு மூன்று நாள் அடிபட்ட இடம்போல உளையும், பனடோல் போதும். அந்த நாட்களில் தண்ணி தூக்குவது, விறகு தூக்குவது, வயல் வேலை எல்லாம் நீங்கள் பாருங்கள். அமத்திப் பிடித்தும் நிற்காமல் ரத்தம் வந்தால், காய்ச்சல் அடித்தால், சீழ் வைத்தால், நாளுக்கு நாள் நோவு கூடினால், கால் விறைத்தால், யாழ்ப்பாணம் வரை ஓடாமல் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள்.

முடிவு ஒரே நாளில் வராது. உறிஞ்சி எடுத்த மச்சையைச் சில நாட்களில் பார்த்துவிடலாம். எலும்புத் துண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் அதை வெட்டிப் பார்க்க முடியும், ஆகவே ஒன்றிரண்டு கிழமையோ அதற்கு மேலோ ஆகும். வெளிக்கிடும்போதே திகதியைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள், தொலைபேசியில் கேட்க முடியுமா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் முடிவு வந்திராத நாளில் அம்மா திரும்பவும் அவ்வளவு தூரம் வந்து போக வேண்டியிருக்கும்.