ரியூப் சாப்பாட்டில் ஜெல் கலக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு மூக்கு ரியூப்பால்தான் சாப்பாடு. சீனி வருத்தமும் உண்டு. கஞ்சியும் பால்மாவும் கொடுத்த கையோடு சீனி எகிறுகிறது. குளிரில் நீராக இருந்து உடற்சூட்டில் ஜெல்லாகும் பொருளைக் கலந்தால் சத்து மெல்லச் சேருமாம், வீட்டில் செய்யலாமா?

வேண்டாம். யோசனை பிழையில்லை, வயிற்றில் கட்டியான உணவு குடலுக்கு ஆறுதலாகத்தான் இறங்கும். ஆனால் வில்லங்கம் வயிற்றுக்குப் போகுமுன்பே தொடங்கிவிடும். இவ்வகை ஜெல்களில் பேர்போன பொலொக்சமர் 407, 20 சதவீதக் கரைசலாக இருந்தால் ஏறத்தாழ 25 பாகையிலேயே இறுகும். ஆடி மாத மத்தியானம் திருகோணமலையில் வீட்டுக்குள்ளேயே 30 பாகைக்கு மேல். பையைத் தொங்கவிட்ட இடத்திலேயே கட்டிபட்டுவிடும்! அதில் தப்பினாலும் மூக்கு, தொண்டை வழியே போகும் ரியூப் உடற்சூட்டில்தானே கிடக்கிறது. ரியூப்பில் 12 என்று போட்டிருந்தால் வெளிவிட்டமே 4 மில்லிமீற்றர், உள்ளே இன்னும் ஒடுக்கம். அடைத்தால் கழற்றிப் புதிதாகப் போடவேண்டிவரும்.

இதேபோலச் சூட்டில் இறுகும் இன்னொரு பொருளான சாதாரண மெதைல்செலுலோஸ் 50 பாகையளவில்தான் இறுகும், அதனால் வயிற்றில் பயனில்லை. நோன்புக்காலத்தில் காய்ச்சும் கடற்பாசி நேர்மாறு: சூட்டில் நீர், ஆறினால் கட்டி. அதையும் ரியூப்பில் விடாதீர்கள். ஜப்பானில் கட்டியான உணவு கொடுக்கிறார்கள்தான், ஆனால் அது வயிற்றில் துளையிட்டு நேரே போடும் அகலமான குழாய்க்கு.

சரி, வேறென்ன வழி? வேகத்தைக் குறையுங்கள். சிரிஞ்சின் தண்டால் அமுக்காமல், தண்டைக் கழற்றிவிட்டு ஊற்றி, தானாக இறங்க விடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு இறங்க அரை மணி எடுத்தாலும் நல்லதே. தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும், முடிந்தபிறகும் ஒரு மணிநேரம் அப்படியே. ஒரேயடியாகக் கொடுப்பதைப் பிரித்துக் கொடுக்கலாம். வடித்த கஞ்சி உடனே சீனியாகிவிடும், அதனால் நீரிழிவுக்கென்று வரும் ரியூப் பால்மா பொருந்துமா என்று வைத்தியசாலைப் போசணை நிபுணரிடம் கேளுங்கள்.

ஆனால் இன்சுலின் போடுபவராக இருந்தால் சாப்பாட்டு நேரத்தையோ வேகத்தையோ வைத்தியரிடம் சொல்லாமல் மாற்றவேண்டாம். ஊசி முந்தி, சாப்பாடு பிந்தினால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும். அப்புறம், சீனி வருத்தத்துக்கான மெற்போர்மின் குளிசையை இடித்துக் கரைக்கிறீர்களா? மெதுவாகக் கரையும் வகையென்றால் இடிக்கக்கூடாது, இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். மாற்றுக் குளிசையோ திரவ மருந்தோ தரச்சொல்லிக் கேளுங்கள்.