சிவப்பு விழுந்த பிறகும் போவதில் அப்படி என்ன ஆபத்து? சிக்னலில் கேமரா வைப்பது வெறும் வசூல்தானே?

முதல் பாதிக்கு என் அக்காவை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். அக்கா கோயம்பேட்டில் பூ வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு சிக்னலில் சிவப்பு. ரோட்டில் ஆளே இல்லை, போலீசும் இல்லை, ஆனாலும் நின்றாள். பச்சை விழுந்ததும் கிளம்பினாள். குறுக்கே வலது பக்கமிருந்து வந்த கார் நிற்கவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஸ்கூட்டர் ஓரமாகக் கிடந்தது, ரோடு முழுக்கச் சாமந்தி, அதன் மேல் வண்டிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து பிளேட் வைத்தார்கள். இன்றைக்கும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். கார்க்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதுதான் ஆபத்து. சிக்னலை மீறுகிறவர் "என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நினைக்கிறார், ஆனால் அடிபடுவது பெரும்பாலும் ஒழுங்காக நின்று கிளம்பியவரும் நடந்து கடக்கிறவரும்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட விபத்துகளில் இறப்பவர்களில் பாதிப் பேர் மீறியவர்களே இல்லை, வேறு யாரோ. மோதலும் பக்கவாட்டில் விழுகிறது. காருக்கு முன்னால் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு பானட்டாவது இருக்கிறது, பக்கத்தில் வெறும் கதவுதான், டூவீலருக்கு அதுவும் கிடையாது. 50 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர், அதாவது எதிரில் ஆள் வருவதைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே சந்திப்பின் நடுவுக்கு வந்துவிடுவீர்கள்.

நம் ஊரில் இதோடு டைமர் வேறு. ஒரு பக்கம் சிவப்பு விழுந்து மறுபக்கம் பச்சை விழுவதற்கு நடுவில், உள்ளே மாட்டிக்கொண்ட வண்டிகள் வெளியேறட்டும் என்று ஓரிரு விநாடி எல்லாப் பக்கமும் சிவப்பாகவே வைப்பார்கள். அந்த ஓரிரு விநாடியைத்தான் நாம் இரண்டு பக்கமிருந்தும் தின்றுவிடுகிறோம். சிவப்பில் நிற்கிற இந்தப் பக்கம் டைமரில் 3, 2 என்று வரும்போதே ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார்கள், அந்தப் பக்கம் "இப்பத்தானே விழுந்தது" என்று கடைசி ஆள் பாய்கிறார். அப்புறம் ஒருத்தர் போனால் அவர் பின்னாலேயே நாலு பேர்.

சரி, கேமரா. அக்கா விஷயத்தில் கார்க்காரர் ஸ்டேஷனில் தனக்குத்தான் பச்சை என்று அடித்துச் சொன்னார். அந்தச் சந்திப்பில் கேமரா இல்லை. எதிர்முனை டீக்கடைக்காரர் தானாக வந்து, காருக்குச் சிவப்பு விழுந்து இரண்டு மூன்று விநாடி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்காவிட்டால், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அக்கா மேலேயே பழி வந்திருக்கும். அதனால் கேமராவை அபராதம் போடும் மெஷினாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை, ஒழுங்காக நின்றவருக்கு அது சாட்சி. சிவப்பு எரியும்போது கோட்டைத் தாண்டும் வண்டியை, விளக்கும் நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி நேரத்தோடு படம் பிடித்துவிடுகிறது. போலீஸ்காரர் சாப்பிடப் போவார், ஷிப்ட் முடிந்து போவார். அவர் போன மறுநிமிடம் அந்தச் சந்திப்பு எப்படி மாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் 1997-ல் கேமரா வைத்த பிறகு, சிக்னல் சந்திப்புகளில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 29 சதவீதம் குறைந்தன. 2005-ல் வந்த அமெரிக்க மத்திய அரசின் ஆய்வில் பக்கவாட்டு மோதல்கள் 25 சதவீதம் குறைந்து, பின்னால் வந்து முட்டுவது 15 சதவீதம் கூடியது. கூடியதையும் மறைக்கக் கூடாது, ஆனால் பம்பரில் முட்டுவதும் கதவில் மோதுவதும் ஒன்றல்ல.

வசூல் என்ற சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். சிகாகோவில் கேமரா நிறுவனத்திடம் லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரிக்கு 2016-ல் பத்து வருடம் சிறை கிடைத்தது. அங்கே மஞ்சள் மூன்று விநாடிக்கும் கொஞ்சம் குறைவாக எரிந்ததற்கெல்லாம் அபராதச் சீட்டு போன கதையும் உண்டு. ஆகவே நாம் கேட்க வேண்டியது, மஞ்சளுக்குப் போதுமான நேரம் கொடு, கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வை என்பதுதான். பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ 2021-ல் வந்தபோதே சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கேமராவே வேண்டாம் என்றால் மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அக்கா இப்போது வண்டி ஓட்டுவதில்லை, என் பின்னால்தான் உட்கார்ந்து வருகிறாள். பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் பார்த்தபடி, "இருடா, அவன் நிக்கட்டும்" என்பாள்.