முலுண்டா, தாணேவா: என் ஓட்டு முலுண்டுக்கு

வணக்கம் சகோதரி. இருவருக்கும் வேலை மும்பையில் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம், கூடவே முழங்கால் வலியோடு மாமியார், ஒரே பட்ஜெட்டில் முலுண்டு மேற்கில் பழைய கட்டிடத்தில் 2 பிஎச்கே அல்லது தாணே கோட்பந்தர் சாலையில் புது டவரில் 3 பிஎச்கே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முலுண்டு என்பேன்.

தாணேயில் பாஸ்ட் வண்டி எல்லாம் நிற்கும், முலுண்டில் சிலதுதான் நிற்கும், உண்மைதான். ஆனால் கோட்பந்தர் சாலையில் காசர்வடவலிப் பக்கம் வீடு வாங்கினால் அந்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும், கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது, மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். மெட்ரோ ரயிலின் 4வது பாதை வருகிறதே என்பார் புரோக்கர். அது முலுண்டு வழியாகவும்தான் போகிறது!

முத்திரைத் தீர்வையும் முலுண்டில் 6 சதவீதம், தாணேயில் 7. பெண்ணான உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்தால் இரண்டிலும் 1 சதவீதம் குறையும்.

மூன்றாவது அறையை விட மனமில்லையா, சரி, மே மாதக் காலையில் அந்த டவரின் கேட் அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள், எத்தனை தண்ணீர் டேங்கர் உள்ளே போகிறது என்று தெரியும். அப்புறம் மெயின்டெனன்ஸ் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முலுண்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சொசைட்டி பெயரில் கன்வேயன்ஸ், அதாவது நிலத்தின் உரிமை மாற்றம், ஆகிவிட்டதா, கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சு ஓடுகிறதா என்று செயலாளரிடம் நேரில் கேளுங்கள். ஓடினால், மாமியாரை வைத்துக்கொண்டு சில வருஷம் வாடகை வீட்டில் இருக்க வேண்டிவரும், அதற்குத் தயாரா என்று வீட்டில் பேசிவிட்டு டோக்கன் கொடுங்கள்.