'ரோஜாவின் பெயர்' நாவல் ஏன் 1327 நவம்பரில் நடக்கிறது?

உம்பர்த்தோ எக்கோவின் இந்த நாவல் (1980) வட இத்தாலிய மலை மடம் ஒன்றில் நடக்கிறது. துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்; வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் (புனித பிரான்சிஸ் தொடங்கிய சபையைச் சேர்ந்த) துறவி துப்புத் துலக்குகிறார்.

வருஷத்துக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. இயேசுவும் சீடர்களும் எதையும் சொந்தமாக வைத்திருக்கவில்லை என்பது பிரான்சிஸ்கன்களின் வாதம். அதை 1323இல் போப் 22ஆம் ஜான் மதவிரோதம் என்றே அறிவித்துவிட்டார். இரு தரப்பும் பேசிப் பார்க்கத்தான் கதையில் அந்த மடத்தில் கூடுகிறார்கள். பிரான்சிஸ்கன் தலைவர் மிக்கேல் நிஜ மனிதர். 1327 டிசம்பரில் அவர், போப் அப்போது வசித்த அவிஞ்ஞோன் நகரில் இருந்தாக வேண்டும். ஆகவே கதை நவம்பரிலேயே முடிந்தாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஒரு பிணம் பன்றி ரத்தம் நிரம்பிய தொட்டியில் தலைகீழாகக் கிடக்க வேண்டும். பன்றி அறுப்பதோ கடுங்குளிரில்தான். நவம்பரிலேயே பனி வேண்டுமென்றால்? மடத்தை மலைமேல் ஏற்றிவிட்டார் எக்கோ! இதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

இன்னொரு லாபமும் உண்டு. மூக்குக்கண்ணாடி வந்து அப்போது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. வில்லியத்தின் கண்ணாடி திருடு போனதும் துப்பு கையில் இருந்தும் படிக்க முடியாமல் தவிக்கிறார். நூறு வருஷம் முன்னால் கதையை வைத்திருந்தால் கண்ணாடியே கிடையாது.

முதல் நூறு பக்கம் கொஞ்சம் இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கொலையாளி யார் என்பதை மட்டும் இணையத்தில் தேடிவிடாதீர்கள்.