அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியை உடனே எடுக்காமல் முதலில் கீமோ என்கிறார்கள், தாமதம் ஆபத்தாகாதா?

கடலூரில் வசிக்கும் என் அக்காவுக்கும் இதே வரிசையில்தான் சிகிச்சை நடந்தது. புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் அவருக்குத் துணையாக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கீமோ தருவது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகாது. கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தாலோ, மருந்தால் சுருக்கிய பிறகு அறுவை செய்வது எளிதாகிறது. சிலருக்கு மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அதைவிட முக்கியமாக, மருந்துக்குக் கட்டி எவ்வளவு கரைந்தது என்பதை வைத்தே அறுவைக்குப் பிந்தைய மருந்தைச் சிலருக்கு முடிவு செய்கிறார்கள். கட்டியை முன்பே எடுத்துவிட்டால் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இந்த முடிவுக்கு ஆதாரம் சதைப் பரிசோதனை அறிக்கை. அதில் புற்றுநோய் என்ற வரியோடு நின்றுவிடாமல், ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளின், அதாவது புற்றணுக்களை வளரத் தூண்டும் புரதங்களின், முடிவைப் பாருங்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும், டாமாக்சிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளைப் பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் தருவார்கள். ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு. அது இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். ஹெர்-2 அளவு 2+ என்றிருந்தால் அது முடிவல்ல, ஃபிஷ் என்ற மறுபரிசோதனை தேவை. மூன்றும் இல்லாத வகைக்கு முதன்மையான மருந்தே கீமோதான்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று உறவினர் சொல்வார்கள் (எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்). அதற்காகச் சதைப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. முழு மார்பகத்தையும் எடுத்தால்தான் உயிர் தப்பும் என்பதும் சரியன்று. தொடக்கநிலை நோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தாலும் உயிர்வாழும் காலம் குறையவில்லை என்பதை, 1970களில் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தொடங்கப்பட்ட ஆய்வுகளின் 20 ஆண்டுக்கால முடிவுகள் 2002இல் உறுதிப்படுத்தின.

கீமோவுக்கு முன், கட்டி இருந்த இடம் பிறகு தெரிவதற்காக உள்ளே கிளிப் வைப்பார்களா என்று கேளுங்கள். மருத்துவமனை மாறினால் அறிக்கையோடு, பரிசோதனைக்கு எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிச் செல்லுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கக்கூடும் என்பதால், விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தாமதம் ஆபத்தாவது அங்கேதான்.